சம்ப் இல்லாத கடல்நீர் மீன் தொட்டிக்கு எந்த ஃபில்டர்? என் அனுபவம்
கிருஷ்ணகிரி வீட்டில் 400 லிட்டர் கடல்நீர்த் தொட்டி, கீழே சம்ப் (ஃபில்டர் சாதனங்கள் வைக்கும் துணைத் தொட்டி) வைக்க இடமே இல்லை. கேனிஸ்டர் ஃபில்டர் (தொட்டிக்கு வெளியே வைக்கும் மூடிய டப்பா ஃபில்டர்) மட்டும் ஓடியவரை நைட்ரேட் இறங்கவில்லை, ஏனென்றால் ஸ்பாஞ்சில் சிக்கும் தீனியும் கழிவும் அங்கேயே அழுகும். அழுகி நைட்ரேட் ஆகும் முன்பே கழிவை நுரையாக வெளியே தள்ளுவது புரோட்டீன் ஸ்கிம்மர்தான், அதனால் தொட்டியின் பின்பக்கம் மாட்டுகிற வகையில், 400 லிட்டரைவிடப் பெரிய தொட்டிக்கான மாடலாகப் பார்த்து வாங்கினேன். கேனிஸ்டரில் ஸ்பாஞ்சை எடுத்துவிட்டுக் கார்பன் மட்டும். கழிவைச் சிதைக்கும் பாக்டீரியா வேலைக்கு லைவ் ராக் (பாக்டீரியா குடியிருக்கும் நுண்துளைப் பாறை) இருக்கிறது, தண்ணீரை அலையடிக்க வைக்கும் வேவ்மேக்கர் பாறை இடுக்கில் கழிவைத் தங்க விடாது. அப்புறம், நம் பக்கம் போர் தண்ணீரில் ஃபுளோரைடு உண்டு, உப்பு கலக்க ஆர்ஓ டிஐ (கரைந்த உப்புகளை நீக்கிச் சுத்திகரித்த) தண்ணீர்தான் சரி. இப்போது நைட்ரேட் 10 பிபிஎம் பக்கம் நிற்கிறது. ஸ்கிம்மர் கழுத்தை அடிக்கடி துடையுங்கள், பிசுக்கு படிந்தால் நுரை ஏறாது.