வேலூரில் மரம் நடுவோரும் ஏரியை அழகுபடுத்துவோரும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மரமில்லா மலை, நீரில்லா ஆறு, சாமியில்லா கோயில் என்று வேலூரைக் கேலி செய்வது பழைய வழக்கம். சாமி 1981இல் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குத் திரும்பிவிட்டார். பாலாறும் 2021 நவம்பரில் இரு கரையும் தொட்டு ஓடி, யார் யார் எங்கெங்கே வீடு கட்டியிருக்கிறார்கள் என்று காட்டிவிட்டுப் போனது. வெயில் மட்டும் அப்படியே இருக்கிறது. சுற்றிலும் உள்ள பாறைக் குன்றுகள் பகலெல்லாம் வாங்கிய சூட்டை இரவில் விடுகின்றன. போதாக்குறைக்கு சிமெண்ட் ரோடும் கான்கிரீட் தளமுமாக நாமும் அதே வேலையைச் செய்கிறோம். இந்த ஊரில் குடிநீர்க் குழாய்க்கும் சாக்கடைக்கும் வரைபடத்தில் கொடுக்கிற இடத்தை மரத்துக்கும் நீர்வழிக்கும் கொடுத்தாக வேண்டும். நடப்பதோ, எல்லாம் கட்டி முடித்தபின் மிச்ச மூலையில் நான்கு செடி வைப்பது. மற்ற தவறுகள் பெரும்பாலும் இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

முதலில் மரத்தின் காலடி. 2022இல் வேலூர்த் தெரு ஒன்றில், நிறுத்தியிருந்த பைக்கின் சக்கரத்தோடு சேர்த்து சிமெண்ட் ரோடு போட்ட படம் நாடு முழுக்கச் சுற்றியது. பைக்குக்காவது கேட்க ஆள் இருந்தது. நம் தெரு மரங்கள் பலவற்றுக்கும் இதே கதிதான். அடிமரம் வரை சிமெண்ட் பூசியிருக்கும். மரத்துக்குத் தண்ணீரும் காற்றும் வாங்கித் தரும் மெல்லிய வேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணில் ஒன்றிரண்டு அடிக்குள்தான் பரவுகின்றன. மேலே மூடினால் மழை நேராகக் கால்வாய்க்குப் போய்விடும், வேர் மூச்சுத் திணறும். அப்புறம் மழைநீர் வடிகாலுக்குப் பள்ளம் தோண்டும்போது ஒரு பக்கத்துப் பெரிய வேர்களை வெட்டிவிடுவார்கள். ஒரு புயற்காற்றில் மரம் சாயும். உடனே “ஆபத்தான மரம்” என்று பக்கத்தில் நிற்பதையும் வெட்டச் சொல்லி மனு போகும். மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்கு கான்கிரீட் கூடாது என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2013இலேயே டெல்லிக்கு உத்தரவிட்டது. உங்கள் தெருவில் ரோடு போட வந்தால், ஜல்லி கொட்டும் முன்பே இந்த ஒரு மீட்டரைக் கேட்டு வாங்குங்கள். கொட்டிய பிறகு கேட்டால் யாரும் உடைக்க மாட்டார்கள்.

அடுத்தது எதை, எங்கே, எப்போது நடுவது. சீக்கிரம் பச்சையாகத் தெரிய வேண்டும் என்று கோனோகார்ப்பஸ் என்ற வெளிநாட்டு மரத்தை வைத்தார்கள். குஜராத் அதை 2023இல் தடை செய்தது, பிறகு தமிழ்நாடும் செய்தது. குல்மோகர் பூ அழகுதான், காற்றில் கிளை முறியும். நம் மண்ணுக்குப் புங்கனும் வேம்பும் இருக்கின்றன. கோடை உச்சத்துக்கு வரும் முன்பே புங்கன் புதுத் தழை விட்டுவிடும், அதுவும் நிழல் அடர்த்தியான தழை. மின்கம்பிக்குக் கீழே அரசமரம் வைத்தால் இ.பி.காரர்கள் வந்து தலையை வெட்டத்தான் செய்வார்கள், அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அங்கே மந்தாரை மாதிரி குட்டை மரம் போதும். தெருவின் மேற்கு ஓரத்தில் மரம் இருந்தால் பிற்பகல் நிழல் தெருவுக்குள் விழும். ஜூன் 5ஆம் தேதி நட்டுப் படம் எடுப்பதை இங்கே கொஞ்சம் தள்ளிப்போடலாம். அக்னி நட்சத்திரம் முடிந்த கையோடு வரும் அந்த வாரம் கன்றுக்குச் சோதனைக் காலம். ஆடி, ஆவணி மழை பிடித்தபின் நட்டு, அடுத்த இரண்டு கோடைக்குத் தண்ணீர் ஊற்றும் செலவையும் திட்டத்திலேயே எழுதிவிட வேண்டும்.

ஏரி விஷயத்தில் கரையை மட்டும் பார்ப்பதுதான் பெரிய தவறு. பேவர் பிளாக் நடைபாதை, கலர் விளக்கு, செல்ஃபி எடுக்க ஒரு வளைவு: சரி, மாலையில் நாலு பேர் நடக்கட்டும். ஆனால் ஏரி உயிரோடிருப்பது நீர் கொண்டுவரும் வரத்துக்கால்வாயாலும் உபரி நீர் வழியும் கலிங்கலாலும்தான். வடாற்காட்டு ஏரிகள் சங்கிலியாகக் கோத்தவை. ஒன்று நிரம்பினால் உபரி அடுத்ததற்குப் போகும். நடுவே கால்வாய் அடைபட்டால் மேலே ஒரு தெரு மூழ்கும், கீழே ஓர் ஏரி காயும். கழிஞ்சூரோ தாராபடவேடோ ஓட்டேரியோ, பக்கத்தில் இருக்கும் ஏரியின் வரத்துக்கால்வாயை ஒருமுறை முழுக்க நடந்து பாருங்கள். செலவு எங்கே செய்ய வேண்டும் என்று தெரிந்துவிடும். உள்சரிவு முழுக்கக் கல் பதிப்பதும் வேண்டாம். ஆழமில்லாத ஓரச் சேற்றில்தான் கோரையும் கொக்கும் நிற்கும்.

மழைநீர் சேகரிப்பு 2003 முதல் கட்டாயம். ஆயிரம் சதுர அடி மாடியில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் சுமார் 4,600 லிட்டர். ஆனால் குழாய் இறங்கும் குழி தூர்ந்து பல வருடம் ஆகியிருக்கும் வீடுகளே அதிகம்.

பூங்கா விஷயத்தில் 2021இல் நெதர்லாந்து வல்லுநர் ஒருவர் சொன்ன கணக்கு உதவும்: வீட்டிலிருந்து பார்த்தால் 3 மரம், பேட்டையில் 30 சதவீத மர நிழல், 300 மீட்டருக்குள் ஒரு பூங்கா. நம் புது நகர்களில் மூன்றாவதுதான் பெரிதும் கெடுகிறது. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலை போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக விட வேண்டும் என்பது விதி. விற்காத கோணல் மூலையை அதற்குத் தள்ளிவிடுகிறார்கள். தாழ்ந்த பகுதியில், ஓடையை ஒட்டி அதை வைக்கச் சொன்னால் மழைநீருக்கும் இடம் கிடைக்கும், மரத்துக்கும் ஈரம் கிடைக்கும். மனை வாங்கப் போகும்போது லேஅவுட் படத்தில் அந்த 10 சதவீதம் எங்கே இருக்கிறது என்று விரலை வைத்துக் கேளுங்கள். முன்பணம் கொடுக்கும் முன்பே.