கோலாட்டம் பழக்கும்போது பெரியவர்கள் செய்கிற தவறுகள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டத்து டவுன்களில் திருவிழா நெருங்கினால் பிள்ளைகளைக் கூட்டிவைத்து கோலாட்டம், கும்மி என்று பழக்குவது நல்ல விஷயம்தான். ஆனால் ஆட்டத்தோடு ஒழுக்கமும் பக்தியும் வரட்டும் என்று நினைப்பவர்கள் பலர், ஆடவிடுவதற்கு முன்பே ஒற்றுமை, பணிவு என்று அரை மணி நேரம் பேசிவிடுகிறார்கள். பிள்ளைகள் கோலை உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், அவ்வளவுதான்.

பின்னல் கோலாட்டத்துக்கு அந்தப் பேச்சே தேவையில்லை. உச்சியில் கட்டித் தொங்கும் கயிறுகளை ஆளுக்கொன்றாகப் பிடித்து, பாதிப் பேர் இந்தப் பக்கமும் மீதிப் பேர் எதிர்ப்பக்கமுமாக உள்ளே வெளியே மாறி மாறிப் போனால் பின்னல் விழும், அதே அடிகளைத் திருப்பிப் போட்டால்தான் அவிழும். ஒரு பிள்ளை தப்பினால் எல்லார் கயிறும் சிக்கும். உடனே நாம் ஓடிப்போய் அவிழ்த்துவிடுகிறோம் பாருங்கள், என்னைக் கேட்டால் அதுதான் பெரிய தவறு. விடுங்கள். நீதான், நான் இல்லை என்று கொஞ்சம் சண்டை வரும், அப்புறம் அவர்களே பின்னால் நடந்து எங்கே மாறியது என்று கண்டுபிடிப்பார்கள். தப்பிய பிள்ளையை அழவைத்தால் மட்டும் உள்ளே போங்கள்.

கரகத்தில் சிக்கல் வேறு. விரதமிருந்து எடுக்கிற சக்திக் கரகமும் மேடையில் ஆடுகிற ஆட்டக் கரகமும் ஒன்றல்ல. பள்ளி நிகழ்ச்சிக்கு ஆட்டக் கரகம் போதும், அதில் போய் 'சாமி வந்த மாதிரி ஆடு' என்று பிள்ளையிடம் சொல்லாதீர்கள், பக்தி என்றாலே நடிப்பு என்று பழகிவிடும். காவடிக்கு, இடும்பன் இரண்டு மலைகளைச் சுமந்து வந்த கதையைத் தோளில் காவடி இருக்கும்போதே சொல்லுங்கள், நன்றாக ஏறும்.

கும்மிக்கு எதற்கு ஸ்பீக்கரும் சினிமாப் பாட்டும்? கைத்தட்டுதான் தாளம், ஒருவர் பாட மற்றவர்கள் வாங்கிப் பாட வேண்டியதுதான். தோட்டத்தில் பால்மரம் (ரப்பர் மரம்) சீவிய பாட்டிமாரில் யாருக்காவது பாட்டு தெரிந்திருக்கும். அவர்களை நாற்காலியில் உட்காரவைத்து மாலை போடுவதோடு நிறுத்தாமல் பாடச் சொல்லுங்கள். பையன்களை உருமி மேளத்துக்கு அனுப்பிவிட்டு இதைப் பெண்பிள்ளைகள் வேலையாக்குவதும் சரியில்லை.

இன்னொன்று, வீடியோவுக்காக வட்டத்தை உடைத்து, நன்றாக ஆடுகிற நாலு பேரை முன்னால் நிறுத்துவது. வட்டத்தில் ஏது முன்வரிசை? மேடை சின்னது என்றால் கோயில் வாசலிலேயே ஆடட்டும், பெற்றோர் சுற்றி நின்று பார்க்கலாம்.