மின்சூளையில் முதல் சூடு: புதிதாகப் பானை சுடுபவர்களுக்கு

திரிகையில் மண்ணை நடுவில் நிறுத்தப் பழகுவதற்கே மாதக்கணக்கில் பொறுமையாக உட்கார்ந்திருப்பவர்கள், சூளைப் பக்கம் வந்ததும் அவசரப்பட்டுவிடுகிறார்கள். நான் பார்த்தவரை, சூளையில் வீணாகும் பானைகளில் பாதிக்கு மேல் ஈரத்தோடு உள்ளே போனவை, இல்லையென்றால் ஆறுவதற்குள் வெளியே வந்தவை. நடுவில் நடப்பதைக் கன்ட்ரோலரே பார்த்துக்கொள்ளும். அதனால் இந்த விளக்கத்தில் முன்னும் பின்னும்தான் அதிகம் இருக்கும். மேலே மூடி திறக்கிற, டிஜிட்டல் கன்ட்ரோலர் உள்ள நடுத்தர மின்சூளையை மனதில் வைத்து எழுதுகிறேன்.

1. இடம்

சூளையைச் சுற்றி எல்லாப் பக்கமும் குறைந்தது 45 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். தயாரிப்பாளர் அதிகம் கேட்டால் அதையே பின்பற்றுங்கள். மண்ணில் உள்ள கரிமப் பொருளும் கந்தகமும் எரியும்போது கார்பன் மோனாக்சைடும் சல்ஃபர் டை ஆக்சைடும் வெளியேறும். ஆகவே புகை வெளியே போக வழி வேண்டும். படுக்கிற அறைக்குப் பக்கத்தில் சூளை வேண்டவே வேண்டாம்.

2. காய வைப்பது

பானை வெடித்தால் எல்லோரும் "உள்ளே காற்றுக்குமிழி இருந்திருக்கும்" என்பார்கள். வெறும் காற்றுக்குமிழி பானையை வெடிக்க வைக்காது. தண்ணீர்தான் வெடிக்க வைக்கும். அது ஆவியாகும்போது ஏறக்குறைய 1,700 மடங்கு விரியும். சுவருக்குள் மாட்டிக்கொண்ட ஈரம் 100 டிகிரியைத் தாண்டும்போது வெளியேற வழி கிடைக்காவிட்டால், பானையையே பிளந்துகொண்டு போகும். தடித்த அடிப்பாகமும் கைப்பிடி ஒட்டிய இடமும் கடைசியாகத்தான் காயும்.

சோதிக்கும் வழி எளிது. பானையைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. சந்தேகம் இருந்தால் அந்தப் பானை அடுத்த சூளைக்குக் காத்திருக்கட்டும். ஒரு பானை வெடித்தால் அதன் சில்லுகள் பக்கத்தில் இருக்கிற பத்துப் பானைகளையும் கெடுக்கும்.

3. அடுக்குவது

முதலில், சூளைக்குள் பானைகளை அடுக்கும் தட்டுகளுக்குச் சூளைப் பூச்சு. வெள்ளைக் களிமண்ணான கயோலினும் அலுமினா ஹைட்ரேட்டும் சம அளவு எடுத்து, தண்ணீரில் பால் பதத்துக்குக் கரைத்து, தட்டின் மேல்பக்கம் மட்டும் பூசுங்கள். அடிப்பக்கம் பூசினால் உதிர்ந்து, கீழ்த்தட்டுப் பானைகளின் கிளேஸில், அதாவது சூட்டில் உருகிக் கண்ணாடி போலாகும் மேல்பூச்சில், ஒட்டிக்கொள்ளும்.

ஒரு தட்டுக்கு மூன்று முட்டுக்கால் போதும். நான்கு வைத்தால் ஏதாவது ஒன்று ஆடும். அடுத்த தட்டின் கால்கள் கீழே உள்ள கால்களுக்கு நேர் மேலே வரட்டும். பானை எதுவும் சுவரில் உள்ள கம்பிச்சுருளையோ வெப்பமானி முனையையோ தொடக் கூடாது.

பிஸ்க் எனப்படும் முதல் சூட்டில் பானைகள் ஒன்றையொன்று தொடலாம், ஒன்றுக்குள் ஒன்று உட்காரலாம். கிளேஸ் பூசிய பிறகு சுடும் இரண்டாம் சூட்டில் இந்தச் சலுகை இல்லை.

4. கோனைப் புரிந்துகொள்வது

சூளையில் வேலை செய்வது வெப்பநிலை மட்டும் இல்லை. அந்த வெப்பத்தில் மண் எவ்வளவு நேரம் இருந்தது என்பதும் சேர்ந்துதான். இரண்டையும் ஒன்றாகக் காட்டுவது கோன் எனும் சிறிய பீங்கான் கூம்பு. தனக்குரிய அளவு வெப்பம் கிடைத்ததும் அது வளைந்து தலை குனியும். மணிக்கு 60 டிகிரி வீதம் ஏறினால் கோன் 6 சுமார் 1,222 டிகிரியில் வளையும். மணிக்கு 150 வீதம் வேகமாக ஏற்றினால் 1,243 வரை போக வேண்டியிருக்கும்.

எண்ணில் ஒரு பொறி இருக்கிறது. முன்னால் பூஜ்யம் வந்தால் கணக்கு தலைகீழ். 04ஐவிட 06 குளிர்ச்சி. 06க்கும் 6க்கும் நடுவே 200 டிகிரிக்கு மேல் வித்தியாசம். ஒருமுறை சிவப்பு மண் பானைகளை ஏற்றிவிட்டு, தூக்கக் கலக்கத்தில் 06க்குப் பதிலாக 6 என்று அழுத்திவிட்டேன். மறுநாள் திறந்தால் பானைகள் தட்டோடு தட்டாகப் பழுப்புக் கண்ணாடிக் குழம்பாய் உறைந்து கிடந்தன. இரண்டு தட்டுகளைத் தூக்கிப் போட வேண்டியதாயிற்று. இப்போது ஸ்டார்ட் அழுத்துவதற்கு முன் எண்ணை வாய்விட்டுப் படிப்பேன். கேட்பவர்கள் சிரிக்கட்டும்.

கன்ட்ரோலர் சொல்வதை நம்பலாம். ஆனாலும் நடுத்தட்டில் ஒரு கோன் வையுங்கள்.

5. முதல் சூடு

நான் கோன் 04 வரை, அதாவது சுமார் 1,060 டிகிரி வரை போவேன். அட்டவணை இப்படி:

- மணிக்கு 50 டிகிரி வீதம் 90 வரை ஏற்றி, அங்கே நான்கு மணி நேரம் நிறுத்துங்கள். பானைகள் தடிமனாக இருந்தால் இரவு முழுக்க.
- அங்கிருந்து மணிக்கு 80 வீதம் 600 வரை. மூடியின் துளையடைப்பான் அதுவரை திறந்தே இருக்கட்டும்.
- அப்புறம் மணிக்கு 120 வீதம் உச்சி வரை.

450க்கும் 600க்கும் இடையில் மண்ணோடு வேதியியலாகப் பிணைந்த தண்ணீர் பிரிந்து போகும். அதன் பிறகு அதைக் கரைத்துப் பழைய களிமண்ணாக்க முடியாது. பச்சை மண்ணும் சுட்ட மண்ணும் ஒட்டாது என்று சொல்கிறோமே, அந்தக் கோடு இங்கேதான் விழுகிறது. 573 டிகிரியில் மண்ணில் உள்ள குவார்ட்ஸ் சட்டென்று விரியும், ஆறும்போது அதே இடத்தில் சட்டென்று சுருங்கும். அந்தப் பகுதியை நிதானமாகக் கடக்க வேண்டும்.

6. கிளேஸ் சூடு

பிஸ்க் ஆன பானையை ஈரப் பஞ்சால் துடைத்துத் தூசி போக்குங்கள். இரண்டு மூன்று விநாடி கிளேஸில் முக்கி எடுத்தால் போதும், துளையுள்ள மண் தானே உறிஞ்சிக்கொள்ளும். அடிப்பாகத்தையும் அதற்கு மேல் 3 மில்லிமீட்டரையும் சுத்தமாகத் துடையுங்கள். துடைக்க மறந்தால் பானையும் தட்டும் ஒன்றாகிவிடும். புதிய கிளேஸ் எப்படி ஓடும் என்று தெரியாதபோது, பானைக்கு அடியில் பிஸ்க் செய்த ஒரு மண் சில்லு வையுங்கள். வழிந்தால் சில்லோடு போகும்.

பானைகளுக்கு நடுவே சிறுவிரல் நுழைய வேண்டும். பிஸ்க்கில் ஈரம் பெரும்பாலும் போய்விட்டதால் இம்முறை ஆரம்பத்திலேயே கொஞ்சம் வேகமாக ஏற்றலாம். ஆனால் கிளேஸில் முக்கி எடுத்த பானைகளை ஒரு நாள் காய விடுங்கள்.

7. திறக்காமல் இருப்பது

இதுதான் கஷ்டமான படி. 200 டிகிரியில் மூடியை ஒரு விரல் தூக்கி எட்டிப் பார்க்கக் கை துறுதுறுக்கும். குளிர்ந்த காற்று ஒரு பக்கம் பட்டு, அந்தப் பக்கம் மட்டும் சுருங்கினால், பானை அடியிலிருந்து வாய் வரை விரிசல் விடும். 100க்குக் கீழே வரட்டும். நான் 60 வரை காத்திருப்பேன். வெளியே எடுத்ததும் 'டிங்... டிங்...' என்று மெல்லிய ஓசை கேட்டால், மண்ணைவிடக் கிளேஸ் அதிகம் சுருங்கி, நுண் விரிசல் விழுகிறது என்று பொருள். கேட்க அழகுதான், ஆனால் சாப்பாட்டுத் தட்டுக்கு அது ஆகாது.

தட்டில் சிந்திய கிளேஸ் பிளேடு போல வெட்டும். கண்ணாடியும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு தேய்த்து எடுங்கள்.

பட்டறை நடத்தினால்

அடுத்தவர் பானையை வாங்கிக்கொள்ளும்போது "என்ன மண், எந்தக் கோன்?" என்று கேட்டு, சீட்டில் எழுதி, பானையோடே வையுங்கள். பதில் தெரியவில்லை என்றால் அந்தப் பானை கிளேஸ் சூளைக்குள் போகக் கூடாது, எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும் சரி. சூளை நாளை வாரத்தில் ஒன்றாக நிலையாக வைத்துக்கொள்ளுங்கள். பிஸ்க்கில் நெருக்கி அடுக்கலாம் என்பதால், ஒரு பிஸ்க் சூளைப் பானைகளுக்கு ஒரு கிளேஸ் சூளை பெரும்பாலும் போதாது. அதையும் கணக்கில் வைத்துத்தான் தேதி சொல்ல வேண்டும்.

தரையைத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள். களிமண் தூசியில் உள்ள சிலிக்கா நுரையீரலில் தங்கி சிலிக்கோசிஸ் நோயை உண்டாக்கும். ஈரத்துணியால்தான் துடைக்க வேண்டும்.

சூளைக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு தொங்கட்டும். தேதி, கோன், எவ்வளவு நேரம் ஆனது, எந்தத் தட்டில் என்ன இருந்தது, கோன் எவ்வளவு வளைந்தது. முன்பு எட்டு மணி நேரத்தில் முடிந்த அதே சூடு இப்போது பத்து மணி நேரம் எடுக்கிறது என்று நோட்டு காட்டினால், முதலில் கம்பிச்சுருள்களைச் சந்தேகப்படுங்கள். மாற்றும்போது எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றுங்கள். புதியதும் பழையதும் கலந்திருந்தால் சூளைக்குள் சூடு ஒரே சீராக இருக்காது.