சிறுவயது பொம்மையைத் தேடிப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

தனியாக வாழும் ஒருவருக்குச் சின்ன வயதுப் பொம்மை திடீரென்று நினைவுக்கு வந்தால், அடுத்த பத்தாவது நிமிடம் அவர் இணைய ஏலத்தில் விலை கேட்டுக்கொண்டிருப்பார். ஆசைப்படுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஐம்பது வயதில் கரடி பொம்மையைக் கட்டிக்கொண்டு தூங்குவதால் யாருக்கும் எந்த நட்டமும் கிடையாது. அவசரம்தான் ஆகாது.

வாங்குவதற்கு முன் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்: என்ன நிறம், எவ்வளவு பெரியது, யார் வாங்கிக் கொடுத்தது, யாரோடு விளையாடியது. எழுத எழுதப் பொம்மையின் விவரங்கள் மங்கிக்கொண்டே போய், கூட விளையாடியவரின் முகம் மட்டும் தெளிவாகிறது என்றால், பணம் செலவழிக்கும் வேலையைத் தள்ளி வையுங்கள். அந்த ஆளுக்கு ஒரு போன் செய்வதுதான் முதல் வேலை. வீட்டாரிடம் விசாரிக்கும்போதும் கவனம் வேண்டும். “என் ரயிலை ஏன் தூக்கிப் போட்டீர்கள்?” என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே முறிந்துவிடும். “அந்த ரயில் ஞாபகம் இருக்கிறதா?” என்று கேட்டால், அக்கா அரை மணி நேரம் பேசுவார், பரணில் எந்தப் பெட்டியில் பார்க்கலாம் என்பதையும் அவரே சொல்லிவிடுவார்.

அதேபோல் இன்னொன்றை வாங்கினால் போதும் என்று நினைப்பதுதான் பெரும்பாலோர் ஏமாறும் இடம். புரூஸ் ஹூட், பால் புளூம் என்ற இரு உளவியலாளர்கள் 2008-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பொருள்களை அச்சு அசலாக நகலெடுக்கும் இயந்திரம் என்று சொல்லிக் குழந்தைகளிடம் ஒரு பெட்டியைக் காட்டினார்கள். சாதாரண பொம்மை என்றால் நகலை எடுத்துக்கொள்ளக் குழந்தைகள் தயங்கவில்லை. தினமும் கட்டிப்பிடித்துத் தூங்கும் பொம்மை என்றதும் பெரும்பாலான குழந்தைகள் அசலைத்தான் கேட்டார்கள். சிலர் அதைப் பெட்டிக்குள் வைக்கவே விடவில்லை. வளர்ந்த பிறகும் நாம் அப்படித்தான். காது பிய்ந்த கரடிக்குப் பதிலாக வரும் புதுக் கரடி, பெயரளவுக்குக் கரடி, அவ்வளவுதான்.

ஆனால் எல்லாப் பொம்மையும் இந்த வகை அல்ல. சில விளையாட்டுப் பொருள்களின் சுகம் கைவேலையில் இருக்கிறது. ரூபிக் கனசதுரம் புதிதாக இருந்தாலும் விரல்களுக்குப் பழசுதான். லெகோ கட்டைகளில் 1958-இல் வந்தவை இன்றைய கட்டைகளோடும் பொருந்தும். ஆகவே நீங்கள் தேடுவது தோழனையா, விளையாட்டையா என்று முதலில் முடிவு செய்யுங்கள். விளையாட்டு என்றால் பழசுக்காக ஏலத்தில் மல்லுக்கட்டத் தேவையில்லை, புதிதே போதும். தோழன் என்றால் அசலைத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் பழைய புகைப்படத்தில் அது இருக்கும் மூலையைப் பெரிதாக்கிப் பிரதி எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

அசல் கிடைத்துவிட்டதா? சோப்பு நீரில் முக்கிவிடாதீர்கள். பழைய துணிப் பொம்மையில் பாதி நினைவு அதன் வாசனையில் இருக்கிறது. குழந்தைகள் விடாமல் தூக்கித் திரியும் துணியையும் கரடியையும் பற்றி 1953-இல் எழுதிய பிரிட்டிஷ் குழந்தை மருத்துவரும் உளப்பகுப்பாய்வாளருமான டொனால்ட் வினிகாட், துவைத்தால் குழந்தையின் அனுபவத் தொடர்ச்சி அறுந்துவிடும் என்று தெரிந்தே தாய் அதை அழுக்காக விட்டுவைக்கிறாள் என்கிறார். துவைக்காமல் இருக்க வேறு காரணமும் உண்டு: உள்ளே வைக்கோலோ மரச்சுருளோ அடைத்திருந்தால் தண்ணீர் பட்டதும் கட்டிதட்டி அழுகும். மென்மையான பிரஷால் தூசி தட்டினால் போதும். பூச்சி இருக்குமோ என்று சந்தேகம் வந்தால், பாலிதீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி இரண்டு வாரம் ஃப்ரீசரில் வையுங்கள்.

பேட்டரி பொம்மை என்றால் புது பேட்டரியைப் போட்டு உடனே ஓட்டிப் பார்க்கக் கை துடிக்கும். முதலில் மூடியைத் திறந்து பாருங்கள். உலோக முனைகளில் வெள்ளையாகப் பூத்திருந்தால் அது அல்கலைன் பேட்டரி கசிந்ததன் அடையாளம். அந்தக் காரம் தோலையும் கண்ணையும் அரிக்கும். கையுறை போட்டுக்கொண்டு, வினிகரில் லேசாக நனைத்த பஞ்சுக் குச்சியால் துடைத்து, நன்றாகக் காயவிட்ட பிறகுதான் புதியது. சாவி கொடுக்கும் பொம்மை அசையவில்லை என்றால் உள்ளே எண்ணெய் இறுகியிருக்கலாம். முறுக்கினால் பல்சக்கரம் உடையும்.

மெத்தென்ற பிளாஸ்டிக் பொம்மை பிசுபிசுத்தால் அது அழுக்கு என்று தேய்க்க வேண்டாம். பிளாஸ்டிக்கை மென்மையாக்கச் சேர்த்த பொருள் மேலே கசிகிறது. இறுக்கமான பிளாஸ்டிக் பையில் போடாமல், வெயில் படாத, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். பெயிண்ட் உரியும் பழைய பொம்மையை வீட்டுக்கு வரும் குழந்தைகளின் கையில் கொடுக்காதீர்கள். அந்த பெயிண்டில் நஞ்சான ஈயம் இருக்கலாம்: பொம்மைகளுக்கும் வீடுகளுக்கும் பூசும் ஈய பெயிண்டை அமெரிக்காவே 1978-இல்தான் தடை செய்தது.

ஒரு பொம்மையோடு நிற்காமல் வாரம் ஒரு பார்சல் வரத் தொடங்கினால், பழையதை எத்தனை முறை கையில் எடுத்தீர்கள் என்று யோசியுங்கள். பெட்டியைப் பிரிக்கும் ஐந்து நிமிடம்தான் இனிக்கிறது என்றால் அது வாங்கும் பழக்கம். பொம்மை வெறும் சாக்கு. சேகரிப்பு நல்ல பொழுதுபோக்குதான், மறுக்கவில்லை. ஆனால் தனிமைக்கு மருந்தாக அதை எடுத்தவர்களுக்கு அலமாரிதான் நிறைகிறது. இருவர் ஆட வேண்டிய பலகை விளையாட்டை வாங்கி, எதிரே யாரும் இல்லாமல் வைத்திருப்பது இன்னும் மோசம். எதிராளியைப் பேசி வைத்துக்கொண்டு பிறகு வாங்குங்கள்.

உடைந்த பொம்மையை வீட்டிலேயே பசை போட்டு ஒட்டி முடித்துவிடுவதையும் நான் தவறு என்றே சொல்வேன். 2009-இல் ஆம்ஸ்டர்டாமில் மார்ட்டின் போஸ்ட்மா என்ற பெண்மணி ‘ரிப்பேர் கஃபே’ ஒன்றைத் தொடங்கினார். இன்று பல நாடுகளில் அப்படிப்பட்ட கூடங்கள் நடக்கின்றன. பழுதான பொருளோடு போனால், வேலை தெரிந்த தன்னார்வலர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து உங்களையும் சேர்த்துக்கொண்டு பழுது பார்ப்பார். கரடியோடு போய் நிற்பதற்குக் கூச்சமாக இருந்தால் முதல் முறை ஒரு மேசை விளக்கை எடுத்துப் போங்கள். அடுத்த முறை கரடியைக் கொண்டுபோகும்போது, கழன்ற கண், பொத்தான், நூல் எல்லாவற்றையும் ஒரு சிறு உறையில் போட்டு எடுத்துப் போங்கள். அங்கே அதற்குப் பொருத்தமான கண் கிடைக்காது.