ஒரு விமானம், இரண்டு வீடு: உவர்மலைக்கும் ஸ்காபரோவுக்கும் வேலையைப் பிரிப்பது எப்படி?

சீனன்குடாவில் இருந்து எழும்பும் விமானப்படைப் பயிற்சி விமானங்களை அண்ணாந்து பார்த்தே வளர்ந்தவன் நான். இப்போது தைப்பொங்கலுக்குத் திருகோணமலை உவர்மலை வீட்டுக்கு வந்து, சித்திரைப் புத்தாண்டு முடிய கனடாவின் ஸ்காபரோவுக்குத் திரும்புவேன். இந்தப் போக்குவரத்துக்கு நடுவில் இரண்டு இருக்கை உள்ள ஒரு அலுமினிய கிற் விமானத்தை, அதாவது பாகங்களாக வாங்கி நாமே பொருத்தும் விமானத்தை, கட்டி வருகிறேன். வருடத்தில் மூன்று மாதம் கையைக் கட்டிக்கொண்டிருக்க மனம் வராதவர்களுக்காக, நான் வேலையைப் பிரிக்கும் முறையை எழுதுகிறேன்.

படி 1: விமானத்துக்கு ஒரு ஊரைத் தீர்மானியுங்கள்

எங்கே பதிவுசெய்து பறக்கப் போகிறீர்களோ, அதுதான் விமானத்தின் ஊர். என்னுடையதற்கு அது கனடா. அங்கே சொந்தமாகக் கட்டும் விமானங்களை போக்குவரத்துத் துறையான ட்ரான்ஸ்போர்ட் கனடாவின் சார்பில் எம்.டி.-ஆர்.ஏ. என்ற அமைப்பின் பரிசோதகர்கள் பார்க்கிறார்கள். வேலையில் பாதிக்கு மேல் பொழுதுபோக்காகக் கட்டுபவர்கள் செய்ததாக இருக்க வேண்டும். இறக்கை போன்ற பகுதிகளை மூடுவதற்கு முன் பரிசோதகர் உள்ளே பார்த்தாக வேண்டும். ஆகவே எந்தப் பகுதியையும் மூடும் ரிவெற்றை, அதாவது தகடுகளைப் பிணைக்கும் ஆணியை, திருகோணமலையில் அடிப்பதில்லை என்று முதல் நாளே முடிவெடுத்தேன். இன்னொரு நாட்டிலும் சில வேலைகளைச் செய்யப் போவதைப் பரிசோதகருக்கு முன்கூட்டியே எழுதி, பதிலைக் கோப்பில் வைத்துவிடுங்கள்.

படி 2: கைநூலை இரண்டு நிறப் பேனாவோடு வாசியுங்கள்

கிற்றோடு வரும் கட்டுமானக் கைநூலில், பெட்டிக்குள் அடங்கும் வேலைகளுக்கு மட்டும் பச்சை அடையாளம் போடுங்கள். மற்றதெல்லாம் சிவப்பு. பெரும்பாலான விமானங்களில் 23 கிலோ, நீளம் அகலம் உயரம் கூட்டினால் 158 சென்ரிமீற்றர் என்பதே பெட்டியின் எல்லை. வால் சுக்கான் கூட இதற்குள் அடங்காது.

அடங்குபவை எவை? இறக்கைக்குள் குறுக்கே நிற்கும் ரிப் எனப்படும் விலாச் சட்டங்கள், சிறு தாங்கிகள், கருவிப் பலகை, மின்கம்பித் தொகுதி. பார்க்கச் சிறியவை. ஆனால் நேரத்தை விழுங்குவதும் இவைதான். ஒவ்வொரு ரிப்பின் விளிம்பையும் அரத்தால் தீட்டி, மடிப்புகளைச் சரியாக 90 பாகைக்குக் கொண்டுவந்து, வளைந்து நிற்பதை நேராக்க வேண்டும். விறாந்தையில் கதிரையைப் போட்டுக்கொண்டு ஒரு காலைப்பொழுதில் நாலைந்து முடிக்கலாம். கம்பித் தொகுதியும் அப்படித்தான். ஒரு பலகையில் வரைபடத்தை ஒட்டி, ஆணி அடித்து, அதன் வழியே கம்பிகளை ஓட்டி, இரண்டு முனைக்கும் பெயர்ச்சீட்டு இட்டுக் கட்டினால், உருட்டிக் கைப்பையில் கொண்டுபோகலாம்.

படி 3: எந்தக் கருவியை இரண்டாக வாங்குவது?

கனடாவில் மின்சாரம் 120 வோல்ற், 60 ஹேர்ட்ஸ். இங்கே 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். அங்கே வாங்கிய மின்கருவியை இங்கே அப்படியே செருகக்கூடாது. எனக்குப் பிடித்த வழி, காற்றில் ஓடும் ட்ரில். அதற்கு மின்சாரம் தேவையில்லை, ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சிறு கொம்பிரசர் இருந்தால் போதும்.

துளையிடும் அலகுகளைக் கட்டாயம் அங்கிருந்தே கொண்டுவாருங்கள். அமெரிக்க கிற்களில் 3/32 அங்குல ரிவெற்றுக்கு 40ஆம் இலக்க அலகும் 1/8 அங்குல ரிவெற்றுக்கு 30ஆம் இலக்க அலகும் தேவை. முதலாவது ஏறத்தாழ 2.49 மில்லிமீற்றர், அடுத்தது 3.26. இங்கே ஹார்ட்வெயார் கடையில் 3.2 கிடைக்கும், 3.3 கிடைக்கும். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, ரிவெற்றுக்குத் தெரியும்.

படி 4: உப்புக் காற்றை எதிரியாக எண்ணித் திட்டமிடுங்கள்

முதல் வருடம் பன்னிரண்டு ரிப்களைத் தீட்டி முடித்து, தகட்டின் மேல் ஒட்டி வரும் நீல பிளாஸ்ரிக் உறையை உரிக்காமல் பின் அறை இறாக்கையில் வைத்துவிட்டுப் போனேன். ஐப்பசியும் கார்த்திகையும் வாடையும் மழையுமாகப் போயின. தையில் வந்து உறையை உரித்தபோது ஓரங்களில் வெள்ளைப் பூ பூத்திருந்தது. ஏழு ரிப்களை எறிய வேண்டியதாயிற்று. அன்று பட்ட வேதனை இன்னும் ஆறவில்லை.

ஏன் இப்படி நடந்தது? என் கிற்றின் தகடு அல்கிளாட் வகை. உள்ளே 2024 என்ற கலப்பு உலோகம், அதில் சுமார் 4 வீதத்துக்கு மேல் செம்பு. வலிமை அதனால் வருகிறது, அரிப்பும் அதனால்தான் வருகிறது. மேலும் கீழும் உள்ள மெல்லிய தூய அலுமினியப் படைதான் கவசம். விளிம்பிலும் துளையிலும் அந்தக் கவசம் இல்லை. ஈரமும் உப்பும் உறைக்கடியில் சிக்கினால் அரிப்பு அங்கேதான் தொடங்கும்.

இப்போது என் ஒழுங்கு இது. வேலை செய்யும் தகட்டில் உறையை முழுவதும் உரித்துவிடுவேன். வியர்வைக் கையிலும் உப்பு உண்டு, ஆகவே கையுறை. மாலையில் ஐசோபுரோப்பைல் அல்ககோலால் துடைத்து, உலர்ந்த கடதாசியில் சுற்றி, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்ட இறுக்கமான பெட்டிக்குள் வைப்பேன். உலோகத்தில் பென்சிலால் கோடு போடமாட்டேன், அதிலுள்ள கிராபைற் அரிப்பைத் தூண்டும். இரும்புக் கம்பளியால் தேய்க்கமாட்டேன், ஒட்டிக்கொள்ளும் இரும்புத் துகளும் அதையே செய்யும். மாரிக்கு முன் ஒரு துண்டு உலோகம்கூட உவர்மலை வீட்டில் மிஞ்சக் கூடாது.

படி 5: பூச்சும் பிசினும் ஸ்காபரோவுக்கு

எளிதில் தீப்பற்றும் பெயின்ற் வகைகளைப் பயணிகள் விமானத்தில் கொண்டுவர முடியாது. பிறைமர் எனும் அடிப்பூச்சை ஸ்காபரோக் கோடைக்கு ஒதுக்குங்கள். மார்கழிக் குளிரில் சூடில்லாத கராஜில் அது சரியாக இறுகாது.

பிசின் வேலையில் ஒரு எச்சரிக்கை. இங்கே பைபர் படகு செய்யும் ஒருவர், "அண்ணை, வெயில் நேரம் ஹார்ட்னரைக் குறைச்சுப் போடுங்கோ" என்று அன்போடு சொல்லித் தந்தார். அவருடைய பொலியெஸ்ரர் பிசினுக்கு அது சரி. எப்பொக்சி என்ற மற்ற வகைப் பிசினுக்கு அது ஆகாது. அதன் கலவை விகிதத்தை மாற்றினால் முழுமையாக இறுகாது. வெப்பமான நாளில் விகிதத்தை மாற்றாமல், கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, அகலத் தட்டில் பரப்பி வையுங்கள். அவரிடம் நான் கற்றுக்கொண்டது வேறு: நார்த்துணியில் காற்றுக் குமிழை உருளையால் விரட்டும் கைப்பக்குவம். அதை எந்தக் கைநூலிலும் படித்து எடுக்க முடியாது.

படி 6: ஒரே கொப்பி

இரண்டு வீட்டுக்கும் ஒரே வேலைக் கொப்பி. திகதி, இடம், மணிநேரம், செய்த துண்டின் இலக்கம், நீங்களும் தெரியும்படி ஒரு படம். யார் கட்டியது என்ற கேள்விக்கு அதுவே சான்று. கிற் வாங்கிய பற்றுச்சீட்டின் பிரதியைப் பெட்டியின் மேற்புறத்தில் வையுங்கள். சுங்கத்தில் விநோத வடிவ உலோகத் துண்டுகளைப் பார்த்துக் கேட்டால் உடனே எடுத்துக் காட்டலாம். அலகுகள், அரம், குறடு எல்லாம் கைப்பையில் அல்ல, ஏற்றும் பெட்டியில்.

புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பே வேலையை நிறுத்திவிடுங்கள். முதல் நாள் துண்டுகளை எண்ணி, துடைத்து, கட்டுவதற்கு. அடுத்த நாள் மேசையைக் கூட்டி, கொம்பிரசரின் காற்றுத் தாங்கியின் அடியில் உள்ள வால்வைத் திறந்து தேங்கிய நீரை வடிப்பதற்கு. அடுத்த தையில் வந்து முதலில் எந்தத் துண்டைக் கையில் எடுக்க வேண்டும், எந்த அலகு, கைநூலில் எத்தனையாம் பக்கம் என்று ஒரு கடதாசியில் எழுதி மேசையில் ஒட்டிவிட்டு அறையைப் பூட்டுங்கள்.