தோட்டக் காட்சியைத் தீட்டுகையில் சாம்பல் நிறத்தையும் டோனையும் கையாளும் முறை

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற ஒரு ரப்பர் தோட்டப் பட்டணத்தில் ஓவியம் பழகுகிறவரின் கண்முன் இருப்பவற்றில் பெரும்பாலானவை சாம்பல் சார்ந்தவை: பால்மரத்தின் (ரப்பர் மரத்தின்) தண்டு, பழைய தகரக் கூரை, மழைக்கு முன் இருளும் வானம், பட்டணத்துக்கு அப்பால் எழும் சுண்ணாம்புக் குன்றுகள். இருந்தும் தொடக்கநிலை ஓவியங்கள் பலவற்றில் பச்சையும் நீலமும் குழாயிலிருந்து பிதுக்கியபடியே பூசப்பட்டு, காட்சி ஆழமின்றித் தட்டையாகிவிடுகிறது. நிறத்தை மாற்றிப் பார்ப்பதால் இக்குறை தீராது. ஒவ்வொரு பகுதியும் எவ்வளவு வெளிர்ந்தது, எவ்வளவு அடர்ந்தது என்ற டோனை முதலில் முடிவு செய்ய வேண்டும்.

வெள்ளையிலிருந்து கறுப்பு வரை ஐந்து கட்டங்களைக் கொண்ட அளவுகோல் ஒன்றைத் தடித்த தாளில் தீட்டிக்கொள்ளுங்கள். அமெரிக்க ஓவியர் ஆல்பர்ட் மன்செல் வகுத்த நிற முறையில் கறுப்புக்கு 0, வெள்ளைக்கு 10 என்று மதிப்பிடுவார்கள். வெளிப்புறக் காட்சிக்கு அத்தனை படிகள் வேண்டியதில்லை என்பது என் கருத்து. அக்ரிலிக் வண்ணத்தில் கறுப்பையும் வெள்ளையையும் சரிபாதி கலந்தால் கலவை நடுச்சாம்பலைவிட அடர்ந்தே வரும் என்பதால், வெள்ளையை முதலில் வைத்து, கறுப்பைச் சிறிது சிறிதாகச் சேருங்கள்.

அடுத்து, உள்ளங்கையளவு வரைவு ஒன்றில் மூன்றே டோன்களால் காட்சியைப் பிரியுங்கள். கண்களைப் பாதி மூடிப் பார்த்தால் இலைகளும் கிளைகளும் மறைந்து பெரிய பகுதிகள் மட்டும் எஞ்சும். ஒளி வானிலிருந்து இறங்குவதால் பொதுவாக வானம் மிக வெளிராகவும், அதை நேராக ஏற்கும் செம்மண் சாலையும் புல்தரையும் அதற்கடுத்தும், சரிந்த குன்றுகள் இன்னும் அடர்ந்தும், நிமிர்ந்து நிற்கும் மரங்கள் யாவற்றிலும் அடர்ந்தும் தோன்றும். மழையில் நனைந்த தகரக் கூரை இந்த ஒழுங்குக்கு அடங்காது. வானத்தைப் பிரதிபலித்து அது வானத்தோடே போய்ச் சேரும்.

நிறத்தின் கவர்ச்சி டோனை மறைத்துவிடும் என்பதற்கு, ஆண்டின் தொடக்கத்தில் பால்மரங்கள் இலையுதிர்க்கும் பருவமே சான்று. புல்மேல் கிடக்கும் சிவந்த இலை கண்ணைப் பறித்தாலும், அதன் டோன் புல்லின் டோனாகவே இருக்கக்கூடும். அங்கே இலையை வெளிராக்கினால் தரை கலைந்துபோகும். கைப்பேசியில் காட்சியைக் கறுப்பு வெள்ளையாக எடுத்துப் பார்ப்பது உதவும். ஆயினும் சில கேமராக்கள் சிவப்பை மாற்றிக் காட்டுவதால் இறுதி முடிவைக் கண்ணிடமே விடுங்கள். பினாங்கில் புகைப்பட நிலையம் நடத்திய நீர்வண்ண ஓவியர் யோங் முன் சென் (1896–1962) தீட்டியவற்றின் அச்சுப்படங்களையும் இவ்வாறு மாற்றிப் பார்த்தால், எந்த டோனை அவர் எங்கே வைத்தார் என்பது தெளிவாகும்.

சாம்பலைக் கலப்பதில்தான் அதிகப் பொறுமை தேவை. கறுப்பும் வெள்ளையும் மட்டும் சேர்ந்த சாம்பல் குளிர்ந்து உயிரற்றிருப்பதால், அல்ட்ராமரீன் நீலத்தையும் பர்ன்ட் சியன்னா என்னும் செம்பழுப்பையும் கலப்பதையே நான் பரிந்துரைக்கிறேன். நீலம் மிகுந்தால் தொலைவுக் குன்றுக்கும் மழைமேகத்துக்கும், பழுப்பு மிகுந்தால் மரத்தண்டுக்கும் துருவுக்கும் பொருந்தும் சாம்பல்கள் இந்த இரண்டு நிறங்களிலிருந்தே கிடைக்கும். ஒரு சாம்பலைத் தட்டில் வைத்து மதிப்பிடாமல், அது அமரவேண்டிய இடத்திலேயே சிறிது தொட்டுப் பாருங்கள். பக்கத்து நிறங்கள் ஒன்றன் தோற்றத்தை மற்றொன்று மாற்றுவதை பிரெஞ்சு வேதியியலாளர் ஷெவ்ரல் 1839இல் வெளியிட்ட நூலில் விரிவாக விளக்கினார். அடர்ந்த நிழலருகே வெளிராகத் தெரியும் சாம்பல் வெள்ளை வானத்தருகே இருண்டும், பச்சை இலைத்திரள் நடுவே சற்றுச் சிவந்தும் தோன்றும்.

நீர்வண்ணம் உலர்ந்தபின் வெளிர்ந்துவிடும், அக்ரிலிக் சற்று அடர்ந்துவிடும். ஈரப்பதம் மிக்க நம் ஊரில் தாள் மெதுவாகவே காய்வதால், ஈரத்தில் தெரியும் டோனை நம்பித் திருத்தம் செய்யாதீர்கள்.

பால்மர நிரைகள் தொலைவில் செல்லச் செல்ல அவற்றின் நிழல்கள் வெளிர்ந்து நீலச் சாம்பலாகும், தண்டுக்கும் நிழலுக்கும் இடையிலான வேறுபாடு குறையும். எனவே பின்நிரைகளை நடு மூன்று கட்டங்களுக்குள் அடக்கி, ஐந்தாவது கட்டத்தை அருகிலுள்ள ஓரிரு தண்டுகளின் நிழற்பக்கத்துக்கு மட்டும் ஒதுக்கிவைத்து, மற்ற எல்லாம் உலர்ந்த பிறகு அதைத் தீட்டுங்கள்.