ஹார்ட் டிஸ்க் விட்டுவிட்டு மக்கர் செய்தால்

நன்றாக ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டர் ஒரு ஃபைலைத் திறக்கும்போது அப்படியே நின்றுவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து ஒன்றுமே நடக்காததுபோல் ஓடும், இல்லையென்றால் டி டிரைவே காணாமல் போய் ரீஸ்டார்ட் செய்ததும் திரும்பி வந்துவிடும். டிஸ்க் போச்சு என்று உடனே முடிவு கட்ட வேண்டாம், கேபிளாகவும் இருக்கலாம். எதுவானாலும் முக்கியமான போட்டோ, ஆவணங்களை முதலில் வேறு டிஸ்க்கில் காப்பி எடுத்துவிடுங்கள். பலரும் எடுத்த எடுப்பில் விண்டோஸின் டிஸ்க் சரிபார்க்கும் கட்டளையான செக்டிஸ்க்கை (chkdsk) ஸ்லாஷ் ஆர் போட்டு ஓட்டுகிறார்கள். அது டிஸ்க்கை முழுதாகப் படிக்கும், உயிருக்கு ஊசலாடும் டிஸ்க்கை அதுவே முடித்துவிடலாம்.

காப்பி எடுத்தாச்சா, சரி. டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ இலவசம்தான், போட்டுத் திறங்கள். மேலே ‘குட்’ என்று நீலத்தில் காட்டுவதை மட்டும் நம்பாமல் கீழே பட்டியலில் 05, சி5, சி6, சி7 வரிகளின் ரா வேல்யூவைப் பாருங்கள் (அது பதினாறடிமான எண்ணில் இருக்கும், ஃபங்ஷன் மெனுவில் சாதாரண எண்ணாக மாற்றிக்கொள்ளலாம்). 05 என்பது கெட்டுப்போய் மாற்று இடம் கொடுக்கப்பட்ட செக்டர்கள் (டிஸ்க்கில் டேட்டா எழுதப்படும் சிறு பகுதிகள்), சி5 படிக்க முடியாமல் முடிவுக்குக் காத்திருப்பவை, சி6 சரிசெய்ய முடியாதவை. இவை நாளுக்கு நாள் ஏறினால் புது டிஸ்க் வாங்கவேண்டியதுதான், வேறு பேச்சே இல்லை.

இந்த மூன்றும் பூஜ்யமாக இருந்து சி7 மட்டும் ஏறுகிறதா? டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவே டேட்டா சிதைகிறது என்று அர்த்தம், பெரும்பாலும் சாட்டா கேபிள்தான் காரணம். பவரை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கேபிளை இரண்டு முனையிலும் கழற்றுங்கள். கிளிப் இல்லாத பழைய கேபிள் என்றால் தூக்கிப் போட்டுவிட்டு உலோகக் கிளிப் உள்ளதை மாட்டி, மதர்போர்டில் வேறு போர்ட்டில் செருகுங்கள். பவர் கேபிளில் இரண்டாகப் பிரிக்கும் ஸ்பிளிட்டர் இருந்தால் அதையும் எடுத்துவிட்டு எஸ்எம்பிஎஸ் என்ற பவர் சப்ளையிலிருந்து நேராகக் கொடுங்கள். கேபிளை மாற்றியும் சி7 பூஜ்யமாகவில்லையே என்று பதற வேண்டாம், அந்த எண் இறங்காது. இப்போது என்ன எண் என்று குறித்து வைத்து, சில நாள் கழித்துப் பாருங்கள், அதே எண்ணில் நின்றால் பிரச்சினை முடிந்தது.

விண்டோஸ் பிழைகளைப் பதிந்து வைக்கும் ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பகுதியையும் ஒரு கண் பாருங்கள். ‘டிஸ்க்’ என்ற பெயரில் 7 என்ற ஈவென்ட் எண் வந்தால் கெட்ட பிளாக், 153 என்றால் படிக்கவோ எழுதவோ மறுபடி முயன்றிருக்கிறது. 129 வேறு பெயரில் வரும், டிஸ்க் பதில் சொல்லாததால் ரீசெட் செய்திருக்கிறது. ஸ்மார்ட் எண்கள் (மேலே பார்த்த 05, சி5 போன்றவை) சுத்தமாக இருந்தும் 129 வந்துகொண்டிருந்தால் கேபிள், பவர் பக்கம் தேடுங்கள். வெளியே மாட்டும் யூஎஸ்பி டிஸ்க் என்றால் ஹப்பை விட்டு நேராகச் செருகிப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

டக் டக் என்று சத்தம் வந்தால் மட்டும் இந்தச் சோதனை எதுவும் வேண்டாம், அணைத்துவிடுங்கள். அதில் காப்பி எடுக்காத முக்கியமான டேட்டா இருந்தால் மீட்டுத் தருபவர்களிடம்தான் போக வேண்டும். சத்தமில்லாமல் சி5 மட்டும் ஏறி, காப்பி பாதியில் நின்றுபோனால் லினக்ஸ் பென் டிரைவில் பூட் செய்து டிடிரெஸ்க்யூ (ddrescue) என்ற மீட்பு நிரலால் புது டிஸ்க்குக்கு குளோன், அதாவது முழு நகல் எடுங்கள். அது நல்ல பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, அப்புறம்தான் கெட்ட இடத்துக்குத் திரும்பும். மேப் ஃபைல் (எதுவரை எடுத்தது என்ற குறிப்பு) கொடுத்து ஓட்டினால் நடுவில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். செக்டிஸ்க் ஓட்டியே ஆகவேண்டும் என்றால் அந்தக் குளோனில் ஓட்டுங்கள்.